தண்ணீர் முதல் கட்டில் வரை: பயன்பாட்டை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் தண்ணீர்க் கணக்கு எடுக்கப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனை அனுப்பியிருந்தோம். முதல் வாரம் நாளுக்கு 90,000 லிட்டர், அடுத்த வாரம் 70,000 லிட்டர் என்று எழுதிக்கொண்டு வந்தான். "20,000 லிட்டர் மிச்சமாயிருக்குது சார்" என்றான். நோட்டில் தோலின் எடை இல்லை. திரும்பப் போய்க் கேட்டு வரச் சொன்னேன். முதல் வாரம் நாளுக்கு 2,500 கிலோ தோல் ஓடியிருக்கிறது, இரண்டாம் வாரம் 1,600 கிலோதான். கிலோவுக்கு 36 லிட்டராக இருந்த செலவு 44 லிட்டராக ஏறியிருக்கிறது. மிச்சம் என்று நினைத்த வாரத்தில்தான் தண்ணீர் கூடுதலாகக் கொட்டியிருக்கிறது.

வயல், மருத்துவமனை, ஷூ தொழிற்சாலை, கம்ப்யூட்டர் அறை என்று எங்கே போனாலும் புதியவர்கள் தடுக்கி விழுவது இதே இடத்தில்தான். மீட்டரைப் படிக்க யாருக்கும் வந்துவிடும். படித்த எண்ணை எதால் வகுப்பது என்று முடிவு செய்யாமல் அளக்கப் போவதுதான் வேலையைக் கெடுக்கிறது. கீழே உள்ள முதல் நான்கு படிகளும் உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்களை மறுபடி முதலிலிருந்து அளக்கவிட்டிருக்கிறேன். அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

பயன்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, "இவ்வளவு வேலை நடக்க எவ்வளவு செலவானது?" தண்ணீர், கரண்ட், டீசல், விறகு, தோல் எல்லாம் இந்த வகை. பயன்படுத்தினால் தீர்ந்துபோகும்.

இன்னொன்று, "இருக்கிற வசதியில் எவ்வளவு பங்கு வேலையில் இருந்தது?" கட்டில், இயந்திரம், நிலம், கம்ப்யூட்டர் இந்த வகை. இவை தீர்வதில்லை. சும்மா கிடந்த நேரம்தான் திரும்பி வராது.

முதல் கேள்விக்கு நடந்த வேலையால் வகுக்க வேண்டும்: கிலோவுக்கு இத்தனை லிட்டர், ஜோடிக்கு இத்தனை சதுர அடி. இரண்டாவதற்குக் கிடைத்திருக்கக்கூடிய மொத்தத்தால் வகுக்க வேண்டும், அது சதவீதமாக வரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் படிக்கிறவருக்கும் புரியாது, எழுதியவருக்கே ஒரு மாதம் கழித்துப் புரியாது.

2. எல்லைக்கோடு போடுங்கள்

எதுவரைக்கும் உங்கள் கணக்கு? ஒரு தாளில் கட்டடத்தைக் கட்டம் போட்டு வரைந்து, உள்ளே வருகிற ஒவ்வொரு வழிக்கும் ஒரு அம்பு போடுங்கள். போர்வெல் ஒன்று, லாரித் தண்ணீர் ஒன்று, குழாய்த் தண்ணீர் ஒன்று. போர்வெல்லில் மட்டும் மீட்டர் வைத்துவிட்டு, மே மாதம் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைந்தது என்று சொன்னவர்கள் உண்டு. அந்த மாதம் மீதிப் பாதி லாரியில் வந்திருந்தது.

தோல் தொழிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பகுதியில் கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பி, ஆர்.ஓ. முறையில் மீட்ட தண்ணீரைத் திரும்ப வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தண்ணீரைப் புதுத் தண்ணீரோடு சேர்த்துக் கூட்டினால் செலவு அநியாயத்துக்கு ஏறும். விட்டுவிட்டால் தோல் பதனிடும் டிரம்மில் உண்மையில் எவ்வளவு ஊற்றுகிறார்கள் என்பது தெரியாமல் போகும். இரண்டு வரிசையாக எழுதுங்கள்: புதுத் தண்ணீர், மொத்தத் தண்ணீர். எந்த வரிசையைப் பார்ப்பது என்பதைப் படி 1-இல் எழுதிய கேள்வி சொல்லிவிடும்.

3. வகுக்கும் எண்ணை முடிவு செய்யுங்கள்

இந்தப் படிக்கு அரை நாள் ஒதுக்கினாலும் தகும். எண் என்ன என்பதோடு, அதை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதையும் எழுதி வையுங்கள்.

தோலையே எடுத்துக்கொள்வோம். பச்சைத் தோலிலிருந்து முழுவதும் பதப்படுத்தி முடிக்க, பழைய முறையில் கிலோவுக்குச் சுமார் 30 முதல் 40 லிட்டர் ஆகும் என்பது தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் எந்தக் கிலோ? உப்புப் போட்டு வந்த தோலை அப்படியே தராசில் வைத்தால் ஒரு எடை, உப்பை உதறிவிட்டு வைத்தால் குறைவு, ஊற வைத்து எடுத்தால் மறுபடி கூடுதல். ஒருவர் உதறுவதற்கு முன்னாலும் இன்னொருவர் உதறிய பின்னாலும் எடுத்துவிட்டு இரண்டு பேரும் லிட்டரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். தராசு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அங்கே பிரச்சினை.

மருத்துவமனையில் வகுக்கும் எண் கட்டில்-நாள். 50 கட்டில், 30 நாள் என்றால் 1,500 கட்டில்-நாள். தினமும் நள்ளிரவில் உள்ளே இருக்கும் நோயாளிகளை எண்ணி, மாதம் முழுக்கக் கூட்டினால் 1,260 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 84 சதவீதம். சரி, அந்த மாதம் ஒரு வார்டில் வெள்ளையடிக்க 8 கட்டிலைப் பத்து நாள் மூடியிருந்தால்? கிடைத்தது 1,420 கட்டில்-நாள்தான், சதவீதம் 89-ஐத் தொடுகிறது. அனுமதி பெற்ற கட்டில்களால் வகுக்கிறீர்களா, அன்றைக்குப் பயன்படுத்த முடிந்த கட்டில்களால் வகுக்கிறீர்களா என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதுங்கள். காய்ச்சல் காலத்தில் கூடுதல் கட்டில் போட்டு 100-க்கு மேல் போகும்போது, தப்பாகக் கூட்டிவிட்டோமோ என்று பயப்பட வேண்டியிருக்காது.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். எட்டுக் கோர் (செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள ஒரு கணினியில் ஒரு நிரல் ஒரே ஒரு கோரை முழுதாக ஓட்டுகிறது. லினக்ஸில் டாப் கட்டளை கொடுத்தால் அந்த நிரலுக்கு நேரே 100 சதவீதம் என்று காட்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 12.5 சதவீதம் என்று இருக்கும். இரண்டும் சரி. ஒன்று ஒரு கோரால் வகுக்கிறது, மற்றது எட்டாலும் வகுக்கிறது. டாப்பில் 100-ஐப் பார்த்துவிட்டுப் புது சர்வர் வாங்கப் பட்டியல் போடுவதற்கு முன், எத்தனை கோர் இருக்கிறது என்று பாருங்கள்.

நிலத்துக்கு: வருடம் முழுக்கப் பயிரிட்ட பரப்புகளைக் கூட்டி, சாகுபடியாகும் நிலத்தின் பரப்பால் வகுத்து, நூறால் பெருக்குவது. இரண்டு ஏக்கரில் ஒரு போகம் நெல்லும், அதில் ஒரு ஏக்கரில் அப்புறம் வேர்க்கடலையும் போட்டால் 150 சதவீதம்.

4. அலகைப் பொருத்துங்கள்

வேகத்தையும் மொத்தத்தையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. மோர்தானா அணைச் செய்தியில் இருப்பை மில்லியன் கன அடியிலும், திறந்துவிடும் தண்ணீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்றும் சொல்வார்கள். முதலாவது மொத்தம், இரண்டாவது வேகம். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால்தான் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி ஆகும். அதேபோல கிலோவாட் என்பது கரண்ட் இழுக்கும் வேகம், யூனிட் என்பது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடிய மொத்தம். "மோட்டார் எத்தனை யூனிட்?" என்று கேட்டால் எவ்வளவு நேரம் ஓடியது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி வையுங்கள். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஒரு ஏக்கர் 100 சென்ட், அதாவது 4,047 சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு லிட்டர், ஆகவே ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 4,047 லிட்டர். ஒரு குதிரைத்திறன் 746 வாட். தோல் ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர். ஆம்பூரில் வெளிநாட்டு ஆர்டர் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடைசி எண் தினமும் வேண்டியிருக்கும்.

5. கருவியை நம்பும் முன் சோதியுங்கள்

கொண்டு போக வேண்டியவை கொஞ்சம்தான்: ஸ்டாப்வாட்ச் உள்ள கைபேசி, 200 லிட்டர் டிரம் ஒன்று, 20 லிட்டர் கேன் ஒன்று, தராசு, மார்க்கர், கட்டம் போட்ட நோட்டு. நோட்டில் எழுதப் பேனாதான், பென்சில் வேண்டாம். அழித்து எழுதிய எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். தப்பானால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள்.

200 லிட்டர் என்று சொல்லி விற்கும் நீல டிரம்மை விளிம்பு வரை நிரப்பினால் 200-க்கு மேல் பிடிக்கும். கேனில் ஒரு முறை தண்ணீர் நிரப்பித் தராசில் வையுங்கள். காலிக் கேனின் எடையைக் கழித்தால் 20 கிலோ இருக்க வேண்டும், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பத்து முறை ஊற்றி, தண்ணீர் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் சுற்றிலும் கோடு போடுங்கள். இனி அந்தக் கோடுதான் உங்கள் 200 லிட்டர். சமதரையில் வைத்துக் கோடு போட்டுவிட்டு, அளக்கும்போது வரப்பு ஓரத்தில் சாய்வாக வைக்காதீர்கள்.

தண்ணீர் மீட்டர் இருந்தால், எல்லா வால்வையும் மூடிவிட்டு ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. குழாயில் தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் தள்ளும்போதும் சில மீட்டர்கள் சுற்றும். முறை வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில் இதைக் கவனிக்காமல் விட்டால் காற்றையும் லிட்டராக எழுதிவிடுவோம்.

6. கிணற்றுத் தண்ணீரை அளப்பது

நம் ஊரில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். பில் வராததால் எவ்வளவு ஓடுகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் நேரத்தையும் டிரம்மையும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

மோட்டாரைப் போட்டவுடன் அளக்காதீர்கள். போர்வெல் குழிக்குள் இரவெல்லாம் ஏறி நின்ற தண்ணீர் முதலில் வேகமாக வரும், அப்புறம்தான் ஊற்றின் உண்மையான வரத்து தெரியும். 20 நிமிடம் ஓடவிட்டு, டிரம் கோடு வரை நிரம்ப எத்தனை வினாடி என்று மூன்று முறை பாருங்கள். மோட்டாரை நிறுத்தும் முன் இன்னும் மூன்று முறை. நீர்மட்டம் இறங்க இறங்க வரத்து குறையும் என்பதால்தான் இரண்டு தடவை அளக்கச் சொல்கிறேன்.

அணைக்கட்டுப் பக்கம் 60 சென்ட்டில் இலவம்பாடி முள் கத்தரிக்காய் போட்டிருக்கிறார் ஒருவர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். தொடக்கத்தில் சராசரி 50 வினாடி, கடைசியில் 60 வினாடி. மணிக்கு 14,400 லிட்டரிலிருந்து 12,000-க்கு இறங்கியிருக்கிறது. நடுவே 13,200 என்று கொள்ளலாம். இரண்டு மணி நேரம் பாய்ச்சினால் 26,400 லிட்டர். 60 சென்ட் என்பது 2,428 சதுர மீட்டர், ஆகவே ஒரு பாய்ச்சலுக்கு ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றிருக்கிறது.

பருவம் முழுக்க 30 தடவை பாய்ச்சியிருந்தால் 7,92,000 லிட்டர். 4,400 கிலோ காய் பறித்திருந்தால் கிலோவுக்கு 180 லிட்டர். அடுத்த பருவம் சொட்டுநீர் போட்டுப் பார்க்கும்போது இந்த 180-ஓடுதான் ஒப்பிட வேண்டும், 7,92,000-ஓடு அல்ல. அடுத்த முறை 40 சென்ட்டில் மட்டும் போட்டால் மொத்த லிட்டர் தானாகவே குறையும்.

மழையைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போட்ட பயிரையும் சித்திரையில் போட்ட பயிரையும் கிணற்றுத் தண்ணீரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் மழை செய்த வேலைக்கு மோட்டாருக்குப் பெயர் போய்விடும்.

7. கரண்டை அளப்பது

மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்துக் கணக்குப் போடுவது இங்கே பெரிய பிழை. அதில் இருக்கும் குதிரைத்திறன் மோட்டார் வெளியே தரும் வேலையைச் சொல்கிறது. முழுச் சுமையில் ஓடும்போது உள்ளே இழுக்கும் கரண்ட் அதைவிடக் கூடுதல்.

வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்ற எண் மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். அது 3,200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு குதிரைத்திறன் மோட்டாரை மட்டும் போட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 56 முறை மின்னினால், 56-ஐ 60-ஆல் பெருக்கி 3,200-ஆல் வகுக்க 1.05 கிலோவாட். தகட்டுக் கணக்கில் 0.746 கிலோவாட்தானே வர வேண்டும் என்று திகைக்காதீர்கள். நாம் காசு கொடுப்பது அந்த 1.05-க்குத்தான்.

1,000 லிட்டர் தொட்டி நிரம்ப 25 நிமிடம் ஆனால் செலவு 0.44 யூனிட். இதைத் தேதியோடு எழுதி வைத்தால் மோட்டார் தேய்வதும் நீர்மட்டம் இறங்குவதும் எண்ணிலேயே தெரிந்துவிடும். வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. அதுவரை காத்திருந்தால் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

8. டீசல், கேஸ், விறகு

டீசலுக்கு ஒரே நம்பகமான வழி, டேங்கை வாய் வரை நிரப்பி, வேலை முடிந்ததும் மறுபடி அதே அளவுக்கு நிரப்பி, இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரை எடுத்துக்கொள்வது. வண்டி அதே இடத்தில் அதே சாய்வில் நிற்க வேண்டும். பஸ்ஸுக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், உழுகிற டிராக்டருக்கு மணிக்கு எத்தனை லிட்டர் அல்லது ஏக்கருக்கு எத்தனை லிட்டர், ஜெனரேட்டருக்கு லிட்டருக்கு எத்தனை யூனிட். வயலில் சுற்றிச் சுற்றி வரும் டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கில் பொருளே இல்லை.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். எத்தனை நாள் வந்தது என்று எழுதாமல் எத்தனை பேருக்கு எத்தனை வேளை சமைத்தது என்று எழுதுங்கள். விருந்தாளி வந்த மாதம் அடுப்பின் மேல் பழி விழாது.

விறகில் பிரியாணி செய்யும் இடங்களில் ஏற்றும் முன் விறகை எடை போட்டு, தம் முடிந்ததும் மிச்சத்தை எடை போட்டு, ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு என்று பாருங்கள். விறகு காய்ந்ததா ஈரமா என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்.

9. இயந்திரம், ஆள், தோல்

ஷூ தொழிற்சாலையில் லாஸ்டிங் மெஷின் (ஷூவின் மேல்பாகத்தை அச்சின் மேல் இழுத்துப் பொருத்தும் இயந்திரம்) 480 நிமிட ஷிப்டில் 420 நிமிடம் ஓடியது. நிமிடத்துக்கு ஒரு ஜோடி முடிக்கக்கூடியது, ஆனால் 357 ஜோடிதான் வந்தது, அதில் 340 தேறியது. ஓடிய நேரம் 87.5 சதவீதம், வேகம் 85, தரம் 95. மூன்றையும் பெருக்கினால் 71 சதவீதம். நேராக 340-ஐ 480-ஆல் வகுத்தாலும் அதேதான் வரும். அப்புறம் ஏன் மூன்றாகப் பிரிப்பது? 71 என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதா, மூலப்பொருளைப் பார்ப்பதா என்று தெரியாது. மூன்று எண்ணும் மூன்று வெவ்வேறு ஆளிடம் போக வேண்டியவை.

தோலுக்கு, கொடுத்த சதுர அடியிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்து, தேறிய ஜோடிகளால் வகுங்கள். வெட்டிய ஜோடிகளால் வகுத்தால் கழித்துப் போட்டவற்றின் தோல் கணக்கிலிருந்து மறைந்துவிடும். கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். நல்ல கட்டர் பெரிய துண்டுகளை முதுகுப் பக்கத்தில் எடுத்துவிட்டு, வயிற்றுப் பக்கத்து மிச்சத்தில் சின்னத் துண்டுகளைப் பொருத்துவார். அந்த மிச்சம் அடுத்த ஆர்டருக்குப் போனால் இந்த ஆர்டரின் கணக்கில் கழிக்க மறக்காதீர்கள்.

ஆள் கணக்கு: பத்துப் பேர் மூன்று நாள் என்றால் 30 ஆள்-நாள். அரை நாள் வந்தவரை அரையாகவே எழுதுங்கள்.

10. ஒப்பிடும் முன் மூன்று கேள்விகள்

எல்லை அதேதானா? வகுத்த எண் அதே கட்டத்தில் எடுத்ததா? பருவம் அதேதானா? மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தால் ஒப்பிடாதீர்கள், தனித்தனியாகவே எழுதுங்கள்.

சதவீதம் உயர்ந்தாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே சொன்ன மருத்துவமனையில் அந்த மாதம் 210 பேர் வீடு திரும்பியிருந்தால் சராசரி ஆறு நாள் தங்கியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அதே 1,260 கட்டில்-நாளில் 140 பேர்தான் திரும்பினார்கள் என்றால் சராசரி ஒன்பது நாள். கட்டில் நிரம்பியது ஒரே அளவுதான், ஆனால் 70 பேருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே கட்டில் சதவீதத்தை எப்போதும் சராசரித் தங்கல் நாளோடு சேர்த்தே எழுதுங்கள்.

கிணற்று வரத்தைத் தை மாதம் ஒரு முறையும் வைகாசியில் ஒரு முறையும் திரும்ப அளக்க வேண்டும். பாலாறு காய்ந்து கிடக்கும் கோடையில் தை மாதத்து 50 வினாடியையே வைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தால், கிணற்றில் இல்லாத தண்ணீரை நோட்டில் எழுதிக்கொண்டிருப்போம். இரண்டு தேதிகளையும் இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவிடுங்கள், டிரம்மின் கோடு அழிந்திருந்தால் கேனால் மறுபடி அளந்து போடுங்கள்.